அல்சூர் ஏரியும் ஆகாசவாணமும்

பெங்களூர் நகர மார்க்கெட்டுக்கு அண்மையில், மூட்டை சுமப்போரும் கைவண்டிகளும் நெருக்கியடித்துச் செல்லும் சந்துகளுக்கிடையே, தாராமண்டலப்பேட்டை என்றொரு பகுதி இருக்கிறது. நட்சத்திரக் கூட்டத்தின் பெயரைத் தாங்கிய இப்பேட்டையில்தான், ஹைதர் அலியும் அவருக்குப்பின் திப்பு சுல்தானும் ஆண்ட காலத்தில், மைசூர்ப் படைக்கான ராக்கெட்டுகள் செய்யப்பட்டன என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். தீபாவளி இரவில் அல்சூர் ஏரிக்கரையில் நின்று, வானத்தில் ஒரு முறையும் நீரில் மறுமுறையுமாக மலர்ந்து மறையும் ஒளியைக் கண்டு களிக்கும் ஜனங்களில் மிகப் பலருக்கு, அந்த விநோதத்தின் பூர்வ சரித்திரத்தில் தங்கள் ஊருக்கு இவ்வளவு பெரிய பங்கு உண்டென்பது தெரியாது. தெரிந்தவர்களும் அரசர்களையும் தளபதிகளையும் பற்றிப் பேசுகிறார்களே அல்லாமல், மருந்து இடித்துக் குழலில் கெட்டித்தவர்களைப் பற்றிப் பேசக் காணோம்.

வெடிமருந்து சீன தேசத்தில் பிறந்தது. நம் நாட்டில் அது எப்போது உற்சவங்களின் அங்கமாயிற்று என்பதை ஆராய்ந்த பூனா அறிஞர் பி. கே. கோடே, 1400 முதல் 1900 வரையிலான இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றை ஒரு சிறு நூலாக எழுதினார். 1953-இல் அதனை வெளியிட்டது நம் பசவனகுடியில் இருந்த கலாசாரக் கழகமே என்பது மகிழ்ச்சி தரும் செய்தி. 1443-இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் கண்ட வாணவேடிக்கையைத் தம் குறிப்பில் வியந்து பதிந்திருக்கிறார். ஆகவே, போர்க்களத்தில் ராக்கெட் பெயர் பெறுவதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே கன்னட நாட்டு வானம் விழாக்கால ஒளியைக் கண்டிருந்தது.

அந்தத் தொழிலின் நுட்பம் சாமானியமானதன்று. பழைய மண்ணைக் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுத்த வெடியுப்பும், கந்தகமும், கரியும் அதன் மூலப்பொருள்கள். சுக்கிரநீதி என்னும் வடமொழி நூல் சொல்லும் கணக்கோ உப்பு ஐந்து பங்கு, மற்றவை இரண்டும் ஒவ்வொரு பங்கு, கரியும் எருக்கு, கள்ளி முதலியவற்றை எரித்து எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது. பூவாணத்துக்கென்றால் இரும்பு அரப்பொடி சேர வேண்டும். மண்குப்பியின் வாய் சற்றுப் பெரிதானால் பொறி உயர எழாது, சிறிதானால் குப்பியே வெடிக்கும். ஆகாசவாணத்திலோ மருந்தைக் குழலில் சீராகக் கெட்டிக்க வேண்டும். இடையில் ஒரு கீறல் விழுந்தாலும் அது மேலே போகாமல், குழலோடு வெடித்துச் சிதறும். இத்தனையும் தராசினால் மட்டும் வருவதல்ல, கைப்பழக்கத்தால் வருவது.

அந்தக் கைப்பழக்கத்தின் மீதுதான் மைசூர் அரசு தன் புதுமையைக் கட்டியது. காகிதமும் மூங்கிலும் தாங்க முடியாத அழுத்தத்தை இரும்புக் குழல் தாங்கியது. ஆகவே மருந்தை மேலும் இறுக்கலாம், நீண்ட மூங்கில் கழியில் கட்டிய வாணம் மேலும் தூரம் பாயும். இந்த வித்தைக்கு நம் தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு: ஹைதரின் தந்தை ஆற்காட்டு நவாபிடம் ஐம்பது ராக்கெட் வீரர்களுக்குத் தலைவராக இருந்தார் என்று சொல்வார்கள். 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தபோது, கும்பினியாரின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதும் இந்த வாணங்களால்தான் என்பது பலர் கருத்து. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் எடுத்துச்சென்ற ராக்கெட்டுகளை வைத்துக்கொண்டு வில்லியம் காங்கிரீவ் இங்கிலாந்தின் ஊல்விச்சில் செய்த பரிசோதனைகளின் பயனாக, சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பியக் கடற்கரை நகரங்களின் மீது அதே நெருப்பு பொழிந்தது. 1814-இல் பால்டிமோர்க் கோட்டையின் மேல் பாய்ந்து, பின்னர் அமெரிக்கரின் தேசிய கீதத்திலே இடம்பெற்ற ராக்கெட்டுகள் இந்த வம்சத்தவையே. 2018-இல் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரில் பாழுங்கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட இரும்புக் குழல்கள் வெளிப்பட்டன. காங்கிரீவின் பெயர் நூல்களில் நிலைத்தது; அந்தக் குழல்களை அடித்து உருட்டிய கொல்லர் எவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை.

திப்பு மறைந்த பத்தே ஆண்டுகளில், 1809-இல், அல்சூரை ஒட்டி ஆங்கிலேயரின் படைக்குடியிருப்பான தண்டு அமைந்தது. சிப்பாய்களாகவும் சமையற்காரராகவும் கட்டடத் தொழிலாளராகவும் வணிகராகவும் ஆற்காட்டுச் சீமையிலிருந்து தமிழர் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 1834-இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையும் இங்கே நிலைகொண்டது. பாறை தகர்ப்பதும் பாலம் கட்டுவதும் தொழிலாகக் கொண்ட அந்தப் படையினரில் தமிழர் ஏராளம். மருந்தின் குணம் அவர்களுக்குப் புதிதல்ல. பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடரின் வழியினர் வெட்டியதாகச் சொல்லப்படும் அல்சூர் ஏரியின் கரையிலே இன்று பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் நிற்கிறது, 2009-இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் நிற்கிறது. பண்டிகை இரவில் சுற்றுத் தெருக்களிலிருந்து வாணங்கள் எழும்போது, எதிர்க்கரையின் வெளிச்சம் முதலில் நீர்மீது விழும். ஓசை ஒரு கணம் கழித்தே வந்து சேரும். இடையிலிருக்கும் அந்த மௌனமான கணத்தில் குழந்தைகள் வாய் திறந்தபடி காத்திருப்பதைப் பார்க்கிறபோது, எந்த வேடிக்கையும் இதற்கு ஈடாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று அந்த வாணங்கள் பெரும்பாலும் சிவகாசியிலிருந்து வருகின்றன. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலிலிருந்து வளர்ந்தது அவ்வூரின் பட்டாசுத் தொழில். கோயில்தோறும் இருந்த வாணக்காரர்களின் கைத்தொழில் அதன்முன் சுருங்கியது. பெங்களூர்க்காரர் பட்டாசு வாங்க ஓசூர் எல்லைக்குப் போவது வழக்கம். அந்த வழியிலுள்ள அத்திப்பள்ளியில் 2023 அக்டோபர் 7-ஆம் நாள் பட்டாசுக் கிடங்கு ஒன்று தீப்பற்றி, பதினான்கு பேருக்கு மேல் மாண்டனர்; தீபாவளிக் காலத்துக் கூலிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்களே அவர்களில் பெரும்பாலோர். தீபாவளியன்று பட்டாசு வெடிப்பது இரவு எட்டு மணிமுதல் பத்து மணிவரை மட்டுமென்று 2018-இல் உச்சநீதிமன்றம் விதித்ததைப் பற்றி நாம் வாதிட்டுக்கொண்டிருக்கும்போதே, மருந்தைத் தொட்டு வாழ்பவர்களின் பாதுகாப்பு கேட்பாரற்றுக் கிடந்தது.

தாராமண்டலப்பேட்டையின் கொல்லர், வாணக்காரர் வரலாற்றை யாரேனும் முழுமையாகத் தேடி எழுத வேண்டும். இந்திய விண்வெளி ஆய்வுக் கழகத்தின் தலைமையகமே இருக்கிற இந்நகரில் அதற்கு அறிஞர் பஞ்சமில்லை. எழுதப்படும் அந்நூலில் அத்திப்பள்ளிக்கும் ஓர் அத்தியாயம் இருக்க வேண்டும்.