பத்தாண்டு விதி

முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1919 ஆகஸ்ட் 15 அன்று, லாயிட் ஜார்ஜ் தலைமையிலான பிரிட்டிஷ் போர்க்கால அமைச்சரவை எடுத்த முடிவே பிற்காலத்தில் பத்தாண்டு விதி எனப் பெயர் பெற்றது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் பேரரசு பெரும்போர் எதிலும் ஈடுபடாது, கடல் கடந்து அனுப்பப் படை எதுவும் தேவைப்படாது என்று வைத்துக்கொண்டு முப்படைகளும் தத்தம் செலவுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். உலக நிலையை ஆராய்ந்து சொன்ன கணிப்பு அன்று இது. கருவூலத்தார் கணக்கை நேர்செய்யக் கையாண்ட உத்தி.

பின்னணி

போர் நின்றபோது தரைப்படையில் ஏறத்தாழ 38 லட்சம் பேர் இருந்தனர். அவர்களை வீட்டுக்கு அனுப்பத் தாமதமானதால் 1919 ஜனவரியில் ஃபோக்ஸ்டன் துறைமுகத்தில் வீரர்கள் கப்பலேற மறுத்தனர். ஆட்களைக் குறைப்பது அப்போது வீரர்களின் கோரிக்கையாகவே இருந்தது. விரைவில் அது வரி கட்டுவோரின் கோரிக்கையாக மாறியது. பத்திரிகை அதிபர் ராதர்மியர் பிரபு 1921-இல் வீண்செலவு எதிர்ப்புக் கழகம் என ஒன்றைத் தொடங்கினார். அதன் வேட்பாளர்கள் இடைத்தேர்தல்களில் வெல்லத் தொடங்கியதும் அரசு மிரண்டது.

கெடிஸ் கோடரி

அந்த ஆண்டு ஆகஸ்டில் சர் எரிக் கெடிஸ் தலைமையில் சிக்கனக் குழு அமைந்தது. கெடிஸ் ஆக்ராவில் பிறந்தவர். இந்திய ரயில்வேயில் வேலை பார்த்தவர். செலவைக் குறைக்கும் கலையை அங்கே கற்றிருக்கவும் கூடும். பத்திரிகைகள் அவர் அறிக்கைக்குக் கோடரி என்றே பெயரிட்டன. 1921–22-இல் 18.9 கோடி பவுண்டாக இருந்த பாதுகாப்புச் செலவு மறு ஆண்டே 11.1 கோடியானது.

அயர்லாந்து பிரிந்ததையும் சேர்த்துக் கணக்கிட்டு, தென் அயர்லாந்தின் ஐந்து காலாட்படை ரெஜிமெண்டுகள் 1922-இல் கலைக்கப்பட்டன. ஜூன் 12 அன்று வின்சர் கோட்டையில் அவற்றின் கொடிகள் மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றுள் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. அதன் முதல் பட்டாலியன், கிழக்கிந்தியக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துக்காகத் திரட்டிய ஐரோப்பியப் படையின் வழிவந்தது. 1881-இல்தான் டப்ளின் பெயரைப் பெற்றது. 1857-இல் அப்படையை, நீலத் தொப்பியர் எனப்பட்ட மதராஸ் ஃப்யூசிலியர்ஸை, அலகாபாத்துக்கு நடத்திச் சென்று கொடுமை புரிந்தவர் கர்னல் நீல். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937-இல் ராஜாஜி அரசு சிலையை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. சிலையை இறக்க நடந்த போராட்டத்துக்கு ஐந்தாண்டு முன்பே, அவர் நடத்திய படையை லண்டன் சிக்கனத்துக்காகக் கலைத்துவிட்டது.

நீட்டிப்பு

1928-இல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், ரத்து செய்யப்படும்வரை பத்தாண்டை ஒவ்வொரு நாளும் புதிதாக எண்ண வேண்டும் என்று விதியை மாற்றினார். ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற கடைப் பலகையைப் போல, போர் வரும் நாளும் வராமலே இருந்தது. படை ஆயத்தமாக இல்லை என்று 1930களில் பிறரைக் கடிந்தவரும் அவரே.

1931 ஏப்ரலில் கடற்படைத் தலைவர் சர் ஃபிரெடெரிக் ஃபீல்டு, போர் வந்தால் வணிகக் கப்பல்களைக் காக்கும் திறன் கடற்படைக்கு இல்லை என்று எழுத்திலேயே அறிவித்தார். செப்டம்பரில் ஊதியக் குறைப்பு வந்தது. கீழ்நிலை மாலுமிகள் சிலருக்கு நாலில் ஒரு பங்கு போயிற்று. இன்வர்கார்டனில் நின்ற கப்பல்கள் கடலுக்குப் போக மறுத்தன. அதே மாதம் ஜப்பான் மஞ்சூரியாவில் புகுந்தது. 1932 மார்ச் 23 அன்று அமைச்சரவை விதியைக் கைவிட்டது. ஆனால் அதைக் காட்டிச் செலவை உயர்த்திவிடக் கூடாது என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே எழுதியது. 1919–20-இல் 76.6 கோடி பவுண்டாக இருந்த பாதுகாப்புச் செலவு அப்போது 10.2 கோடியாக இருந்தது.

விளைவு

விதி எல்லா ஆண்டுகளிலும் ஒரே இறுக்கத்துடன் கையாளப்படவில்லை என்று சில வரலாற்றாளர்கள் வாதிடுகின்றனர். எப்படியாயினும் சேதம் நேர்ந்தது. வேலையின்றி மூடிய கப்பல் கட்டும் தளங்களும் கவசத் தகடு வார்க்கும் பட்டறைகளும், பணம் வந்ததும் திறந்துவிடக்கூடியவை அல்ல. கைதேர்ந்த தொழிலாளர் வேறு பிழைப்புக்குப் போயிருந்தனர்.

சிங்கப்பூர்க் கடற்படைத் தளம் இதற்குச் சான்று. 1921-இல் முடிவான திட்டத்தை 1924-இல் தொழிற்கட்சி அரசு நிறுத்தியது. அடுத்து வந்த அரசு மீண்டும் தொடங்கியது. 1938-இல்தான் தளம் திறக்கப்பட்டது. அங்கே நிறுத்தப் பெருங்கப்பற்படை இல்லை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது.

பத்தாண்டு விதி பிறந்து ஒரு நூற்றாண்டு கழிந்த பின்பும் சிக்கனம் ஓயவில்லை: பிரிட்டிஷ் தரைப்படையை 72,500 பேராகக் குறைக்கும் திட்டம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் அந்த எண்ணிக்கை 73,000 எனத் திருத்தப்பட்டது.