கறுப்புக் குரலும் கல்லாப்பெட்டியும்

காதல் பாட்டு விற்றுப் பணக்காரனான ஒரு கம்பெனி, கலகக்காரர்களின் பேச்சையும் இசைத்தட்டாகப் போட்டது. மூன்றே வருஷத்தில் அதை நிறுத்தியும் விட்டது. ஏன் போட்டது, ஏன் நிறுத்தியது என்பது நாம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

அமெரிக்காவின் டெட்ராய்ட், கார்த் தொழிற்சாலைகளின் ஊர். அங்கே கார் பூட்டும் வேலை பார்த்த பெர்ரி கார்டி என்ற கறுப்பர், குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி 1959இல் இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கினார். அதுதான் மோட்டவுன். முதலாளி கறுப்பர், பாடியவர்களும் பெரும்பாலும் கறுப்பர். ஆனால் வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் வாங்கினால்தானே கல்லா நிறையும்? மார்வெலெட்ஸ் என்ற கறுப்புப் பெண்கள் பாடிய 1961ஆம் வருஷத்து ஆல்பத்தின் அட்டையில் அவர்கள் முகம் இல்லை. ஒரு தபால்பெட்டி இருந்தது. 1966இல் ஐஸ்லி சகோதரர்கள் பாடிய ஆல்பத்தின் அட்டையில் கடற்கரையில் ஒரு வெள்ளை ஜோடி! குரல் வேணும், முகம் வேணாம். உழைப்பு வேணும், ஆள் வேணாம் என்கிற ஊரில் வாழும் நமக்கு இது புரியாத சங்கதியா?

அதே கம்பெனி இன்னொரு காரியமும் செய்தது. 1963 ஜூன் 23 அன்று டெட்ராய்ட் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் பேசியதைத் தட்டாக வெளியிட்டது. பிறகு 1967இல் டெட்ராய்ட் தெருக்கள் பற்றி எரிந்தன; 43 பேர் செத்தார்கள். 1968இல் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். காதல் பாட்டு மட்டும் பாடிக்கொண்டு ஒரு கறுப்பர் கம்பெனி எத்தனை நாள் சும்மா இருக்க முடியும்? 1970இல் மோட்டவுனின் துணை நிறுவனமாக 'பிளாக் ஃபோரம்' பிறந்தது.

மொத்தம் எட்டு ஆல்பம். வியட்நாம் போரை எதிர்த்து 1967இல் கிங் ஆற்றிய உரை முதலில் வந்தது. போரை எதிர்த்ததற்காகப் பெரிய பத்திரிகைகளே அவரை அப்போது ஏசியிருந்தன. அதே உரைத்தட்டுக்கு 1971இல் கிராமி விருது கொடுத்தார்கள், ஆள் செத்த பிறகு! ஸ்டோக்லி கார்மைக்கேலின் மேடைப் பேச்சு, லாங்ஸ்டன் ஹியூஸும் மார்கரெட் டேனரும் வாசித்த கவிதைகள், அமிரி பராக்காவின் கவிதையும் இசையும் என்று அடுத்தடுத்து வந்தன.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது பேர் தெரியாதவர்களின் தட்டு. வாலஸ் டெர்ரி என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் வியட்நாம் போர்க்களத்துக்கே போய்க் கறுப்புச் சிப்பாய்களைப் பேசவிட்டுப் பதிவு செய்தார். தேசத்துக்காகச் சாகப் போன இடத்திலும் அவர்கள் பட்ட இழிவு அவர்கள் வாயாலேயே பதிவானது. சாட்சியம் என்றால் அதுதான்.

கடைசித் தட்டு 1973இல் வந்தது. பாடியவர் எலைன் பிரௌன், கறுப்புச் சிறுத்தைகள் கட்சிப் போராளி. மறு வருஷமே அக்கட்சியின் தலைமைக்கு வந்த பெண். 1972இல் பம்பாயில் பிறந்த தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரை எடுத்துக்கொண்டது இந்தச் சிறுத்தைகளிடமிருந்துதான்.

அத்தோடு பிளாக் ஃபோரம் முடிந்தது. 1972லேயே மோட்டவுன் டெட்ராய்ட்டை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. 1988இல் கம்பெனியே 6 கோடியே 10 லட்சம் டாலருக்குக் கைமாறியது. பழைய தட்டுகளை மறுபடி வெளியிட ஆரம்பித்தது 2021இல்தான், அதுவும் புது முதலாளிகள்.

முதலாளி நம்ம ஆளாகவே இருந்தாலும் சந்தை நம்முடையதல்ல. கம்பெனிக்குள் நம் குரலுக்குக் கிடைப்பது ஒண்டுக் குடித்தனம். எப்போது வேணுமானாலும் காலி பண்ணச் சொல்வார்கள். அதற்காக அந்த மூன்று வருஷத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கதவு திறந்திருந்த அந்தக் கொஞ்ச காலத்தில் பதிவு செய்து வைத்ததால்தான் அந்தச் சிப்பாய்களின் பேச்சு இன்னும் மிஞ்சியிருக்கிறது. நம் சேரிகளில் இன்னும் பதிவாகாத கிழவிகளும் கிழவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பதிவு செய்ய எந்தக் கம்பெனிக்காகக் காத்திருக்கிறோம்?