பனி முறியும் சாய்வு

மாண்ட்ரியாலில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் 1859இல் ரயில் ஓடத் தொடங்கிய விக்டோரியா பாலத்தின் பழைய படங்களில், எல்லோரும் பார்ப்பது மேலே இருக்கும் நீண்ட இரும்புக் குழாயைத்தான். ராபர்ட் ஸ்டீபன்சனின் புகழும் அதோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கென்னவோ கண் கீழேதான் போகிறது. அங்கே 24 கல்தூண்கள். தண்ணீர் வரும் பக்கத்தில் ஒவ்வொன்றின் முகமும் செங்குத்தாக இல்லாமல் சரிவாக இறங்குகிறது. குழாயை 1890களின் இறுதியில் கழற்றிவிட்டார்கள், தூண்களை அல்ல.

அந்தச் சரிவு அலங்காரம் இல்லை. செங்குத்துச் சுவரில் மோதும் பனிப்பாளம் நொறுங்கித்தான் வழிவிட வேண்டும்; அமுக்கினால் பனி லேசில் நொறுங்காது, அந்த விசை முழுவதையும் தூண்தான் வாங்கணும். சரிவில் மோதினால் பாளத்தின் விளிம்பு மேலேறும், வளையும், பொரித்த அப்பளம் மாதிரி படக்கென்று முறியும். அமுக்கத்தைத் தாங்குவதில் ஒரு சிறு பங்குதான் வளைவைத் தாங்கும் பனி. ஆனால் இதுவும் இலவசம் இல்லை. முறிந்த துண்டுகள் சரிவின் மேல் குவியும். அடுத்த பாளம் அந்தக் குவியலையும் தள்ளிக்கொண்டுதான் ஏறணும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும், 1980களில் போஃபர்ட் கடலில் எண்ணெய் தேடப் போன மோலிக்பாக் மேடையின் முகம் கிட்டத்தட்ட செங்குத்தாகவே இருந்தது. வெளியே எஃகுப் பெட்டி, நடுவே மணல். 1986 ஏப்ரல் 12 அன்று பல வருடப் பழைய கனத்த பனி வந்து மோதி, தாளம் தவறாமல் நொறுங்கியது. மேடை முழுக்க அதிர்ந்தது. உள்ளே மணலின் ஒரு பகுதி நீர்மம் போல் இளகியது. மேடை தப்பியது. அதில் ஆட்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிரச்சினை வேறு. தீவையும் பெருநிலத்தையும் பாலத்தால் இணைக்கலாமா என்று 1988 ஜனவரியில் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 59 சதவீதம் பேர் சரி என்றார்கள். மீனவர்களுக்குப் பயம். தூண்கள் பனியைப் பிடித்து நிறுத்திவிட்டால், வசந்தத்தில் ஜலசந்தி திறப்பது தள்ளிப்போகும், சிங்கி இறால் பிடிப்பு கெடும். பயம் வீண் இல்லை: சுற்றுச்சூழல் ஆய்வுக் குழுவே 1990இல் அந்தப் பாலத் திட்டம் வேண்டாம் என்றது. அதன்பின் வந்த நிபந்தனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: பனி விலகுவதில் 100 ஆண்டுகளில் 2 நாளுக்கு மேல் தாமதம் வரக் கூடாது. எத்தனை டன் தாங்கும் என்பதோடு, எத்தனை நாள் மறிக்கும் என்பதும் கணக்கில் வந்துவிட்டது.

அதனால் தூண்களை 250 மீட்டர் இடைவெளியில் தள்ளித் தள்ளி நிறுத்தினார்கள். நீர்மட்டத்தில் ஒவ்வொன்றையும் சுற்றி 52 பாகை சரிவில் ஒரு கான்கிரீட் கூம்பு. பாளம் ஏறி, முறிந்து, இரண்டு பக்கமும் வழிந்து போயாகணும். கான்ஃபெடரேஷன் பாலம் 1997 மே 31 அன்று திறக்கப்பட்டது. கணக்கு சரிதானா என்று பனியையே கேட்க, தூண்களில் அளவிடும் கருவிகளையும் பொருத்தி வைத்தார்கள்.