காணா வாயுவும் கண்ட ஒளியும்

சுவடுகளைக் கொண்டு நிகழ்ந்ததை உய்த்துணர்வதே வரலாற்று மாணவனின் பணி. மன்னரையும் போர்களையும் ஆராய்வதற்கு மட்டுமன்றி, விஞ்ஞானத்தின் வளர்ச்சியை விளங்கிக்கொள்வதற்கும் இம்முறை பயன்படும் என்பதற்கு நைத்திரிக்கு ஒட்சைட்டு என்னும் வாயுவின் வரலாறு தக்க சான்றாகும்.

1879 இல் வில்லியம் மறெல் என்னும் ஆங்கில மருத்துவர், நெஞ்சுவலிக்கு நைத்திரோகிளிசரினைப் பரிந்துரைத்தார். அம்மருந்து குருதிக்குழாயை எவ்வாறு விரிக்கின்றது என்பது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்காலம் விளங்காதிருந்தது. அதிலிருந்து நைத்திரிக்கு ஒட்சைட்டு வெளிப்படுவதை 1977 இல் பெரிட் முறாட் காட்டினார். 1980 இல் றொபேட் பேர்ச்கொட், முயலின் பெருநாடித் துண்டங்களில் அசற்றைல்கோலீனைச் சோதித்தார். உட்படையாகிய அகவணி சிதையாத துண்டங்கள் தளர்ந்தன. அது உரசி அகற்றப்பட்டவை தளரவில்லை. ஆகவே அகவணி ஏதோவொரு பொருளை வெளியிடுகின்றது என அவர் துணிந்தார். அப்பொருள் நைத்திரிக்கு ஒட்சைட்டே என்ற கருத்தை 1986 இல் பேர்ச்கொட்டும் லூயிஸ் இக்னாரோவும் முன்வைத்தனர்; 1987 இல் சல்வடோர் மொன்கடாவின் குழுவினர் அளவீட்டினால் அதனை வலியுறுத்தினர். 1998 இன் நோபல் பரிசைப் பேர்ச்கொட், இக்னாரோ, முறாட் ஆகிய மூவரும் பெற்றனர். மொன்கடாவுக்கு அதிற் பங்கு கிடைக்கவில்லை.

எனினும், சில விநாடிகளே நிலைக்கும் இவ்வாயுவை உயிருள்ள குழாயிற் காண்பது எங்ஙனம்? 1998 இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் தெற்சுவோ நாகானோ குழுவினர் டி.ஏ.எப்.-2 என்னும் புளோரொளிர்காட்டியை வெளியிட்டனர். இதன் அசற்றேற்று வடிவம் கலத்தினுட் புகுந்ததும், அங்குள்ள நொதியங்கள் அசற்றேற்றுக் கூட்டங்களை நீக்குகின்றன. நைத்திரிக்கு ஒட்சைட்டு ஒட்சிசனுடன் சேர்ந்து உண்டாகும் விளைபொருள் காட்டியைத் தாக்க, நீல ஒளியின்கீழ் அது பச்சையாய் ஒளிர்கின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. கண்ட ஒளி வாயுவன்று. வாயுவின் வழித்தோன்றல் விட்ட தடயமே. உயிர்ச்சத்து சி ஒட்சியேற்றம் அடைந்து தரும் பொருளும் இக்காட்டியோடு தாக்கமுறும். நாடிச்சுவரின் மீள்நார்களும் தாமே ஒளிரும். ஆதலின், வாயுவை ஆக்கும் நொதியத்தைத் தடுத்தபோது ஒளி குன்றுகின்றதா என ஒப்புநோக்கியே ஆய்வாளர் முடிவுக்கு வருவர். 2006 இல் அமெரிக்காவில் இசுரீவன் லிப்பாட் குழுவினர் ஆக்கிய செப்புக் காட்டி, வாயுவுடனேயே நேராகத் தாக்கமுறுவதால் இக்குறையை ஓரளவு களைந்தது.

வன்னியில் வாழ்வோருக்கு இவ்வரலாறு அயலானதன்று. 1990 களில் வடமத்திய மாகாணத்தில் அறியப்பட்ட, காரணம் துணியப்படாத சிறுநீரக நோய் வவுனியா உழவரையும் பீடித்துள்ளது. கட்மியம், ஆசனிக்கு, புளோரைட்டு, நீரின் வன்மை, வெப்பம் எனப் பல காரணங்கள் கூறப்பட்டும் எதுவும் ஐயமற நிறுவப்படவில்லை. சென்னையில், அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையத்தினர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், கட்மியத்தினால் அகவணிக் கலங்களின் நகர்வு குலைவதையும் நைத்திரிக்கு ஒட்சைட்டு குறைவதையும் இணைத்துக் காட்டினர். ஆய்வுகூடத்துக் கலங்களிற் கண்ட அது பெறுமதியான தடயம். நம் கிணற்று நீரைப் பற்றிய தீர்ப்பாகாது.

பெருநாடியின் தளர்விலிருந்து வாயுவின் பெயருக்கு வர ஏழாண்டுகள் சென்றன. ஒவ்வொரு படியிலும் ஒரு சான்று மற்றொன்றாற் சோதிக்கப்பட்டது. உழவன் பருகும் நீரைப் பற்றிய வழக்கிலும் அத்தகைய பொறுமையையே நாம் கோர வேண்டும். ஆனால் விடை வரும்வரை அவனுக்குத் தூய நீர் மறுக்கப்படலாகாது.