ஐஸ்லாந்து மகளிர் தேசியக் கால்பந்து அணி

வட அட்லாண்டிக் தீவு நாடான ஐஸ்லாந்தின் சார்பில் பன்னாட்டு ஆட்டங்களில் இறங்கும் பெண்கள் அணி இது. 1947இல் தொடங்கப்பட்ட ஐஸ்லாந்து கால்பந்துச் சங்கம் இதை நடத்துகிறது. தலைநகர் ரெய்க்யவிக்கில் உள்ள லொய்கர்தால்ஸ் அரங்கம் அணியின் சொந்தக் களம். உள்ளூர் ரசிகர்கள் அணியை 'ஸ்டெல்புர்னர் ஓக்கர்' என்று கூப்பிடுகிறார்கள். நம் பேச்சில் 'நம்ம பொண்ணுங்க'. நாட்டின் மொத்த மக்கள்தொகையே 4 இலட்சத்தைத் தொடவில்லை. அப்படியிருந்தும் 2009 முதல் 2025 வரை நடந்த ஐந்து மகளிர் யூரோ கோப்பைகளிலும் இந்த அணி தகுதிச் சுற்றைத் தாண்டி ஆடியிருக்கிறது. ஆண்கள் அணி முதன்முதலாக யூரோ கோப்பைக்குப் போனது 2016இல்தான். நாட்டின் கால்பந்துக்கு ஐரோப்பிய மேடையைத் திறந்துவிட்டவர்கள் பெண்களே.

ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பற்றி ஒரு குறிப்பு. ஸ்கோர் பலகையில் எல்லாப் பெயரும் 'தோத்திர்' என்று முடிவதைப் பார்த்து உறவுமுறை தேட வேண்டாம். இன்னார் மகள் என்று தந்தை பெயரைச் சேர்த்துச் சொல்வது அந்நாட்டு வழக்கம்; குடும்பப் பெயர் பெரும்பாலோருக்குக் கிடையாது. குடியரசுத் தலைவரைக்கூட முதற்பெயரால்தான் குறிப்பிடுவார்கள். இக்கட்டுரையும் அப்படியே செய்கிறது.

தொடக்கமும் இடைவெளியும்

ஐஸ்லாந்தில் பெண்களுக்கான தேசிய லீக் 1972இல் தொடங்கியது. தேசிய அணியின் முதல் ஆட்டம் 1981 செப்டம்பர் 20 அன்று ஸ்காட்லாந்தின் கில்மார்னொக் நகரில் நடந்தது. ஐஸ்லாந்து 2–3 எனத் தோற்றது. மறு ஆண்டு தொடங்கிய முதல் ஐரோப்பிய மகளிர் போட்டியின் தகுதிச் சுற்றில் சுவீடன், நார்வே, பின்லாந்து ஆகியவற்றோடு ஒரே குழுவில் ஆடி, ஒரே ஒரு புள்ளியுடன் கடைசி இடம் பிடித்தது. அதன்பின் 1987, 1989, 1991 என மூன்று ஐரோப்பியப் போட்டிகளின் தகுதிச் சுற்றுகளில் ஐஸ்லாந்தின் பெயரே இல்லை.

இந்த இடைவெளியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஐஸ்லாந்துப் பெண்கள் அணியின் வெற்றியை விளக்க வருபவர்கள் எடுத்த எடுப்பில் அந்நாட்டின் ஆண்-பெண் சமத்துவத்தைக் காட்டுவார்கள். 1975 அக்டோபர் 24 அன்று நாட்டின் பெண்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் வீட்டு வேலையையும் அலுவலக வேலையையும் ஒருசேர நிறுத்தினார்கள். 1980இல் விக்தீஸ் பின்பொகதோத்திர் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவர் அவர். 1996 வரை அவர்தான் பதவியில் இருந்தார். மூன்று ஐரோப்பியப் போட்டிகளில் பெண்கள் அணி தலைகாட்டாமல் போனதும் அவருடைய ஆட்சிக்காலத்தில்தான். சமத்துவம் பேசும் நாட்டில் கால்பந்து தானாக வளர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு. பணமும் மைதானமும் பயிற்சியாளரும் வந்த பிறகே அது வளர்ந்தது.

1993 போட்டிக்கான தகுதிச் சுற்றில் அணி திரும்பி வந்தது. 1995 போட்டிக்கான குழுச் சுற்றில் நெதர்லாந்தையும் கிரீசையும் முந்தி முதலிடம் பிடித்து, கடைசி எட்டு அணிகளில் ஒன்றானது. காலிறுதியில் இங்கிலாந்திடம் இரு ஆட்டங்களிலும் 1–2 எனத் தோற்றது. 2003 உலகக் கோப்பைக்கான பிளே-ஆஃபில் மறுபடியும் இங்கிலாந்து குறுக்கே நின்றது: சொந்த மண்ணில் 2–2, பர்மிங்காமில் 0–1. இதற்கிடையே 2000 ஏப்ரலில் அமெரிக்காவிடம் வாங்கிய 0–8 தோல்வி, அணியின் வரலாற்றிலேயே மிக மோசமானவற்றுள் ஒன்று.

கூரைக்கடியில் வளர்ந்த தலைமுறை

ஐஸ்லாந்தில் டிசம்பர் மாதப் பகல் நான்கைந்து மணி நேரம்தான். காற்றும் பனியும் சேர்ந்தால் திறந்த மைதானத்தில் பந்தை உருட்டவே முடியாது. 2000இல் கெப்லாவிக் பகுதியில் முழு அளவிலான உள்ளரங்கக் கால்பந்துக் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வேறு ஊர்களிலும் இத்தகைய கூடங்கள் எழுந்தன. பள்ளிகளை ஒட்டிச் செயற்கைப் புல் பரப்பிய சிறு களங்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு மேல் அமைக்கப்பட்டன. இவற்றுள் பெரும்பாலானவை உள்ளாட்சிகளின் பணத்தில் உருவானவை. பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் ஒரே கூடம், ஒரே களம். ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்குக்கூட ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்தின் உரிமம் பெற்ற, சம்பளம் வாங்கும் பயிற்சியாளரே கற்றுத் தருகிறார். பிள்ளையின் தந்தை ஓய்வு நேரத்தில் வந்து சொல்லிக்கொடுக்கும் வழக்கம் அங்கே மறைந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டின் பலனை முதலில் அறுவடை செய்தது பெண்கள் அணிதான். 2007 முதல் 2013 வரை பயிற்சியாளராக இருந்த சிகுர்துர் ராக்னர் எயோல்ப்சன் காலத்தில் அணியின் நிலையே மாறியது.

2008 அக்டோபர்

அந்த மாதத் தொடக்கத்தில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் சரிந்தன. குரோனா நாணயத்தின் மதிப்பு விழுந்தது. சேமிப்பு போனவர்களும் வேலை போனவர்களும் தலைநகரில் நாடாளுமன்றத்தின் முன் திரளத் தொடங்கினர். அந்த மாதக் கடைசியில்தான் யூரோ 2009க்கான பிளே-ஆஃபில் ஐஸ்லாந்தும் அயர்லாந்தும் மோதின. டப்ளினில் நடந்த முதல் ஆட்டம் 1–1. இரண்டாவது ஆட்டம் அக்டோபர் 30 அன்று லொய்கர்தால்ஸ் அரங்கில் நடந்தது.

களம் உறைந்து கிடந்தது. புல் தெரிந்தாலும் அதன் மேல் பனிக்கட்டி படர்ந்திருந்தது. ஓடி வந்து திரும்பினால் கால் வழுக்கியது, விழுந்தால் தோல் உரிந்தது. அயர்லாந்துத் தரப்புக்குக் கடுங்கோபம். நடுநிலையோடு பார்த்தால் அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. இன்றைய விதிகளின்படி அந்தத் தரையில் ஆட அனுமதி கிடைப்பது அரிது. ஐஸ்லாந்து 3–0 என வென்றது. ஐஸ்லாந்தின் முதுநிலைக் கால்பந்து அணி ஒன்று பெரிய போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றது அதுவே முதல் முறை.

பின்லாந்தில் நடந்த யூரோ 2009இல் பிரான்ஸ், நார்வே, ஜெர்மனி மூன்றிடமும் தோல்வி. பிரான்சுக்கு எதிராக ஹோல்ம்பிரீதுர் மக்னூஸ்தோத்திர் அடித்ததுதான் யூரோ அரங்கில் ஐஸ்லாந்தின் முதல் கோல். அந்தப் போட்டி முடிந்த சில நாட்களில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் எஸ்தோனியாவை 12–0 என வென்றது இன்றும் அணியின் மிகப் பெரிய வெற்றி.

யூரோ கோப்பைகளில்

சுவீடனில் நடந்த யூரோ 2013 அணியின் உச்சம். நார்வேயுடன் 1–1, ஜெர்மனியிடம் 0–3, கடைசியாக வெக்சோ நகரில் நெதர்லாந்துக்கு எதிராக 1–0. அந்த ஒற்றைக் கோலைப் போட்டவர் தாக்னி பிரின்யார்ஸ்தோத்திர். காலிறுதியில் போட்டியை நடத்திய சுவீடனிடம் 0–4 எனத் தோற்று வெளியேறினார்கள். நான்கு ஆண்டு கழித்து நெதர்லாந்தில் மூன்று ஆட்டத்திலும் தோல்வி. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

2022இல் இங்கிலாந்தில் நடந்தது விநோதம். போட்டி தொடங்கும் முன்பே அணித்தலைவி சாரா பியோர்க் குன்னார்ஸ்தோத்திர் ஒரு சர்ச்சையைக் கிளப்பினார். ஐஸ்லாந்தின் முதல் இரு ஆட்டங்களுக்கு மான்செஸ்டர் சிட்டி கழகத்தின் பயிற்சி வளாக அரங்கம் ஒதுக்கப்பட்டிருந்தது. 5,000 பேர்கூட உட்கார முடியாத இடத்தைத் தருவது பெண்கள் கால்பந்துக்குச் செய்யும் அவமரியாதை என்று அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். பெல்ஜியத்துடன் அங்கே நடந்த ஆட்டத்தில் ஒரு பெனால்டியை வீணாக்கி 1–1. இத்தாலியுடனும் 1–1. ரோதரமில் பிரான்சுடன் நடந்த கடைசி ஆட்டத்தில் முதல் நிமிடத்திலேயே கோல் வாங்கியது. 90 நிமிடங்களுக்கு மேல் 12ஆவது நிமிடத்தில் தாக்னி பெனால்டியைப் போட்டு மறுபடி 1–1. ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் மூன்று புள்ளிகளோடு ஐஸ்லாந்து ஊர் திரும்பியது. நான்கு புள்ளி எடுத்த பெல்ஜியம் காலிறுதிக்குப் போனது. வீணான அந்த ஒரு பெனால்டியின் விலையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

யூரோ 2025க்குப் போன விதம் கம்பீரமானது. 2024 ஜூலை 12 அன்று ரெய்க்யவிக்கில் ஜெர்மனியை 3–0 என வீழ்த்தித் தகுதி பெற்றார்கள். சுவிட்சர்லாந்தில் போய் ஆடியது அதற்கு நேர்மாறு. பின்லாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் தலைவி குளோடிஸ் பெர்லா விக்கோஸ்தோத்திர் வயிற்றுக் கோளாறால் இடைவேளையோடு வெளியேற, ஹில்துர் அந்தோன்ஸ்தோத்திர் சிவப்பு அட்டை வாங்க, 0–1 தோல்வி. பிறகு சுவிட்சர்லாந்திடம் 0–2, நார்வேயிடம் 3–4.

ஐந்து யூரோக்களையும் கூட்டினால் 16 ஆட்டங்கள்: ஒரு வெற்றி, நான்கு சமன், 11 தோல்வி. தகுதிச் சுற்றில் ஜெர்மனியையே வீழ்த்தும் அணி இறுதிச் சுற்றில் ஏன் இப்படித் தளர்கிறது? மக்கள்தொகைதான் நேர்மையான பதில் என்று தோன்றுகிறது. முதல் பதினொருவரில் பலர் ஐரோப்பாவின் பெரிய கழகங்களில் ஆடுபவர்கள். மாற்று ஆட்டக்காரர்களின் வரிசையில் பெரிய நாடுகளோடு அவர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து ஆட வேண்டிய போட்டியில் இந்தக் குறை பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

உலகக் கோப்பை

2017 அக்டோபரில் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் அந்நாட்டு அணியை ஐஸ்லாந்து 3–2 என வென்றபோது பிரான்சில் நடக்கவிருந்த 2019 உலகக் கோப்பைக்கான வழி திறந்ததுபோல் இருந்தது. 2018 செப்டம்பர் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சொந்தக் களத்தில் சந்தித்தபோது, பெண்கள் ஆட்டம் ஒன்றுக்கு லொய்கர்தால்ஸ் அரங்கின் சீட்டுகள் முதன்முறையாக முழுவதும் விற்றுத் தீர்ந்தன. ஆட்டம் 0–2. மூன்று நாள் கழித்து செக் குடியரசை வென்றால் பிளே-ஆஃப் உண்டு. 1–1 என நின்ற ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை சாரா உதைத்தார், கோல்காப்பாளர் தடுத்துவிட்டார்.

அடுத்த முறை இன்னும் நெருக்கம். 2022 செப்டம்பர் 6, ஊட்ரெக்ட் நகர். நெதர்லாந்துடன் சமன் செய்தாலே 2023 உலகக் கோப்பை உறுதி. நெதர்லாந்து ஓயாமல் தாக்கியது. கோல்காப்பாளர் சாண்ட்ரா சிகுர்தார்தோத்திர் அடுத்தடுத்துத் தடுத்தார். 90 நிமிடமும் கோல் இல்லை. கூடுதலாகத் தந்த நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் எஸ்மே புருக்ட்ஸ் இடப்பக்கத்திலிருந்து உயர்த்தி அடித்த பந்து வலைக்குள் போய் விழுந்தது. அக்டோபரில் போர்ச்சுகலின் பாசோஸ் தெ பெரெய்ரா ஊரில் பிளே-ஆஃப். இரண்டாம் பாதியில் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று, பத்துப் பேராகக் குறைந்த பிறகும் குளோடிஸ் ஒரு கோல் திருப்பினார். கூடுதல் அரைமணி நேரத்தில் கால்கள் ஓய்ந்து 1–4 என முடிந்தது.

குறிப்பிடத்தக்க ஆட்டக்காரர்கள்

மார்க்ரியெத் லாரா விதார்ஸ்தோத்திர் 124 ஆட்டங்களில் 79 கோல் அடித்தவர். வெஸ்ட்மன் தீவுகளில் பிறந்த இவர், 2007இல் நாட்டின் சிறந்த விளையாட்டாளர் விருதை ஆண்களையும் முந்திப் பெற்றார். 2009, 2013 யூரோக்களில் அணியை நடத்திய கத்ரீன் யோன்ஸ்தோத்திர் தொழில்முறை மருத்துவர்; நாட்டுக்காக 100 ஆட்டங்களைக் கடந்த முதல் பெண்.

சாராவின் பெயர் களத்துக்கு வெளியேயும் நிலைத்திருக்கும். 2020இல் லியோன் கழகத்துக்காக ஆடி, சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் தம் பழைய கழகமான வோல்ப்ஸ்பர்க்குக்கு எதிராகக் கோல் போட்டுக் கோப்பையை வென்றவர். மறு ஆண்டு கருவுற்று ஊருக்கு வந்திருந்தபோது கழகம் முழுச் சம்பளம் தரவில்லை. அவர் ஆட்டக்காரர் சங்கத்தின் துணையோடு பிஃபாவிடம் போனார். 2021 ஜனவரியில்தான் பிஃபாவின் மகப்பேறு விதிகள் நடைமுறைக்கு வந்திருந்தன. 2022இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 82,000 யூரோவுக்கு மேல் தரும்படி கழகத்துக்கு உத்தரவானது. உலகின் எந்தக் கழகமும் கருவுற்ற ஆட்டக்காரரின் சம்பளத்தில் கைவைக்கும் முன் இன்று இந்தத் தீர்ப்பைப் படித்தாக வேண்டும். 2023 ஜனவரியில் தேசிய அணியிலிருந்து விடைபெறும்போது சாரா 145 ஆட்டங்கள் ஆடியிருந்தார்.

அவருக்குப்பின் தலைமை ஏற்ற குளோடிஸ், நடுத் தடுப்பாட்டக்காரர். பேயர்ன் மியூனிக் கழகத்துக்கும் தலைவி. தாக்குதலில் இன்று எதிரணிகள் அஞ்சுவது ஸ்வேந்திஸ் ஜேன் யோன்ஸ்தோத்திருக்கு. இவர் கெப்லாவிக்கில் வளர்ந்தவர்; தாய் கானா நாட்டவர். பக்கவாட்டுக் கோட்டிலிருந்து இவர் கையால் எறியும் பந்து பெனால்டி பெட்டியின் நடுவே போய் விழும். த்ரோ-இன் கிடைத்தாலே எதிரணியின் உயரமானவர்கள் கோலை நோக்கி ஓடி வருவதைப் பார்க்கலாம். 2024 டிசம்பரில் வோல்ப்ஸ்பர்க்குக்காக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ரோமாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தார்.

நிர்வாகமும் இன்றைய நிலையும்

தேசிய அணிகளுக்கான ஆட்ட ஊக்கத்தொகை ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றே என்று 2018 தொடக்கத்தில் கால்பந்துச் சங்கம் அறிவித்தது. ஆண்கள் அணியைச் சேர்ந்த சிலர் மீது எழுந்த பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளைக் கையாண்ட விதத்துக்காக 2021இல் சங்கத்தின் தலைவரும் நிர்வாகக் குழுவும் பதவி விலக நேர்ந்தது. அப்போது தலைமைக்கு வந்தவர் வாண்டா சிகுர்கெய்ர்ஸ்தோத்திர். பெண்கள் அணியின் முன்னாள் தலைவியும் முன்னாள் பயிற்சியாளருமான அவர், சங்கத்தின் முதல் பெண் தலைவர். 2024 வரை பதவியில் இருந்தார்.

2021 முதல் தோர்ஸ்தெய்ன் ஹல்தோர்சன் அணியின் பயிற்சியாளர். அவர் காலத்தில் அணி 2023இல் ஸ்பெயினில் நடந்த பினாதார் கோப்பையை வென்றது. நேஷன்ஸ் லீக்கில் முதல் பிரிவில் நீடிக்க 2025 அக்டோபரில் வட அயர்லாந்தை வெல்ல வேண்டியிருந்தது. ரெய்க்யவிக்கில் கொட்டிய பனியால் சொந்த ஊர் ஆட்டத்தை ஒரு நாள் தள்ளிவைத்து ஆடி, முதல் பிரிவைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் 1991 முதல் 2023 வரை நடந்த ஒன்பது மகளிர் உலகக் கோப்பைகளில் ஒன்றில்கூட ஐஸ்லாந்து ஆடியதில்லை.