ஒரே கம்பியில் மூன்று பாஷைகள்



பாடசாலைக் களஞ்சிய அறைகளில் தூசு படிந்து கிடக்கும் பழைய கணினிகளைப் "பழைய இரும்பு" என்று சொல்லிக் கடந்து போகிறோம். ஆனால் அவை 30 வருடங்களுக்கு முன்பே செய்த ஒரு வேலையைத்தான் இன்று நம் கையிலுள்ள ஃபோனும் செய்கிறது.

நம் நாட்டில் மின்னஞ்சல் 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியால், தொலைபேசி இணைப்பு வழியாக ஆரம்பமானது. அதிலிருந்து வளர்ந்த 'லேர்ன்' வலையமைப்புதான் இன்று பேராதனை உட்பட நமது பல்கலைக்கழகங்களை இணைக்கிறது. வர்த்தக ரீதியான இணையச் சேவை 1995இல் வந்தது.

அன்று எல்லாக் கணினிகளும் ஒரே பாஷை பேசவில்லை. அலுவலகக் கோப்புகளை வைத்திருந்த நோவெல் சேர்வரோடு பேச ஐ.பி.எக்ஸ். வேண்டும். பக்கத்து மேசை விண்டோஸ் கணினியோடு பேச நெட்பியூய். வெளி உலக இணையத்துக்கு டி.சி.பி./ஐ.பி. இந்தப் பேச்சு விதிகளைத்தான் புரோட்டோகோல் என்கிறோம்.

பிரச்சினை என்னவென்றால், கணினியில் இருந்தது ஒரேயொரு வலையமைப்பு அட்டை. முதலில் வந்த மென்பொருள் அதைத் தன் சொத்தாகப் பிடித்துக்கொண்டால் அடுத்ததற்கு இடமில்லை. பாஷையை மாற்றக் கணினியை நிறுத்தி மறுபடி இயக்க வேண்டும்.

1980களின் இறுதியில் இதற்குத் தீர்வு வந்தது. மைக்ரோசொஃப்டும் 3கொம்மும் என்.டி.ஐ.எஸ். என்ற ஒழுங்கையும், நோவெல் ஓ.டி.ஐ. என்ற ஒழுங்கையும் கொண்டுவந்தன. இரண்டின் யோசனையும் ஒன்றுதான்: அட்டை யாருக்கும் தனிச் சொத்தல்ல, நடுவில் ஒருவர் நிற்பார். வரும் ஒவ்வொரு பொதியின் தலைப்பையும் பார்த்து உரியவரிடம் கொடுப்பார். ஈதர்நெட் பொதியில் 0800 என்றிருந்தால் ஐ.பி.க்கு, 8137 என்றிருந்தால் ஐ.பி.எக்ஸ்.க்கு. தபால்காரர் முகவரி பார்த்துக் கடிதம் கொடுப்பது போல.

இது இலவசமாகக் கிடைக்கவில்லை. டொஸ் கணினியில் சாதாரண மென்பொருளுக்கு இருந்த நினைவகம் 640 கிலோபைட் மட்டுமே. ஒவ்வொரு புரோட்டோகோலும் அதில் ஒரு பங்கைத் தின்றது. எதை எங்கே ஏற்றுவது என்று கணக்குப் பார்த்தே ஏற்றினார்கள். விண்டோஸ் 95 வந்த பிறகுதான் இந்தத் தலையிடி பெருமளவு குறைந்தது.

கடைசியில் டி.சி.பி./ஐ.பி. நிலைத்தது. நெட்பியூய் தன் சிறு வலையமைப்பைத் தாண்டிப் போக முடியாதது. ஐ.பி.எக்ஸ். ஒரு கம்பனியோடு கட்டுண்டது. டி.சி.பி./ஐ.பி.யின் விதிகளோ எவரும் படித்துப் பயன்படுத்தத் திறந்திருந்தன.

கதை அதோடு முடியவில்லை. பழைய ஐ.பி. முகவரிகள் சுமார் 430 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. அதனால் இன்றைய கணினிகளும் ஃபோன்களும் பழைய பதிப்பு 4ஐயும் புதிய பதிப்பு 6ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகின்றன. புதியது வந்த அன்றே பழையதைத் தூக்கி எறிந்திருந்தால் பாதி உலகத்தோடு தொடர்பு அறுந்திருக்கும்.

நம் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது: சிங்களம் படித்தால் தமிழ் போய்விடும், ஆங்கில மூலம் போனால் இரண்டும் போய்விடும் என்று. செலவு இருக்கிறது, உண்மைதான். ஒவ்வொரு பாஷைக்கும் நேரமும் உழைப்பும் வேண்டும். ஆனால் 640 கிலோபைட்டுக்குள் ஒரு பெட்டி மூன்று பாஷைகளைச் சுமந்ததே! கண்டியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒன்றைப் பறித்துத்தான் மற்றதைக் கொடுக்க வேண்டும் என்று நாம் ஏன் முடிவு கட்டுகிறோம்?

உங்கள் கருத்துகளையும் எழுதுங்கள்.