பிடியரிசிப் பள்ளிக்கூடம்

ஆடிட்டர் தொழிலில் அடுத்தவர் பேரேட்டைப் புரட்டுவதே பிழைப்பு. விருதுநகரின் பழைய பருப்பு, மல்லி, வற்றல் கடைகளின் கணக்கில் மகமை என்றொரு தலைப்பு தவறாமல் வரும். கடைக்கு வந்து போகும் மூட்டைக்கு இவ்வளவு என்று, நாடார் வியாபாரிகள் தங்கள் சமூக அமைப்பான உறவின்முறைக்கு எடுத்துவைக்கும் தொகை அது. ஒரு மூட்டைக்குப் பார்த்தால் அற்பம். ஊர் வியாபாரம் முழுவதற்கும் கூட்டினால் கோயிலும் கிணறும் சத்திரமும் கட்டிவிடலாம். 1880களில் அந்தப் பணத்தில் ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. நான் படித்த சத்திரிய வித்தியாசாலைதான் அது.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1897இல், நுழைய உரிமை மறுக்கப்பட்டிருந்த கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்காகி, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் தோற்றது. 1899இல் சிவகாசியில் நாடார்கள் தாக்கப்பட்டார்கள். இதற்கெல்லாம் முன்பே எங்கள் ஊர் வியாபாரிகள் பள்ளிக்கூடத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். தங்கள் மகமையில் நடந்த பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

மகமை, ஆண்கள் கடையில் போட்டது. வீட்டில் பெண்கள் போட்டது பிடியரிசி. உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் ஒரு பிடியை அள்ளித் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். ஆள் வந்து வீடு வீடாக அதைச் சாக்கில் வாங்கிப் போவார். விற்ற காசு பள்ளிக்கூடத்துக்கு. கணக்குப் பார்ப்பவனாகச் சொல்கிறேன், இதைவிடக் கெட்டியான வரி கிடையாது. கொடுத்தவர் வயிறு வாடவில்லை. கொடுக்காமல் ஏய்க்கப் பக்கத்து வீட்டுக்காரி விடமாட்டாள்.

இப்படி நடந்த பள்ளியில் படித்தவர்தான் காமராஜர். 1903 ஜூலை 15இல் விருதுபட்டியில் பிறந்தார். ஊருக்கு விருதுநகர் என்ற பெயர் வந்ததே 1923இல்தான். சிறு வயதிலேயே தந்தை குமாரசாமி இறந்துபோக, தாய் சிவகாமியின் நகைகள்தான் குடும்பத்தை ஓட்டின. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமா கருப்பையாவின் துணிக்கடையில் உட்கார்ந்தார்.

'படிக்காத மேதை' என்ற பட்டம் எனக்கு ஒட்டவில்லை. கடையில் இருந்தபடி பத்திரிகை படித்தவர், 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தில் தொடங்கிப் பல சிறைகளைப் பார்த்து, அங்கேயே ஆங்கிலமும் பழகியவர் எப்படிப் படிக்காதவர்? பள்ளிக்கூடத்தில் அவர் பாடத்தைவிட முக்கியமான ஒன்றைப் பார்த்திருக்கிறார்: ஊர் நினைத்தால் பள்ளி நடக்கும்.

1954இல் முதலமைச்சரானார். மதிய உணவுத் திட்டத்தைக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவோடு சேர்ந்து கையில் எடுத்தபோது, கஜானாவை மட்டும் நம்பி உட்காரவில்லை, ஊராரிடம் கேட்டார். 1956இல் எட்டயபுரத்தில் திட்டம் தொடங்கியது. அரசு மானியம் பின்னால் வந்தது. அப்போதும் ஊர்ப்பங்கு தொடர்ந்தது. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கிராமத்தார் பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் கொண்டுவந்து அடுக்கினார்கள். இதிலெல்லாம் விருதுபட்டிக் கலயம்தான் எனக்குத் தெரிகிறது. அவர் அப்படிச் சொன்னதாக ஆதாரம் காட்ட மாட்டேன். இது என் ஊகம். ஆனால் அந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. விருதுநகரில் மண்டி இருந்தது, மகமை விழுந்தது. வானம் பார்த்த சிற்றூரில் யார் எதை எடுத்துவைப்பது? 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு என்று முழுச் செலவையும் அரசின் தலையில் ஏற்றியது அதனால் சரியே.

பிள்ளைகள் படிப்பு விஷயத்தில் சிவகாசிப் பக்கம் கதை வேறு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் பழகி வந்து 1920களில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும், பின்னால் வந்த பட்டாசுத் தொழிலும் கரிசல்காட்டுக்குக் கஞ்சி ஊற்றின, பிள்ளைகளையும் விழுங்கின. விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி கிராமத்துக்கு வந்துவிடும். தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கும் வேலைக்குச் சின்ன விரல்தான் வாகு. உச்சநீதிமன்றம் 1996இல் கண்டிப்பாகத் தீர்ப்புச் சொல்லும்வரைகூடப் பிள்ளைகளை வேலைக்கு வைப்பது ஓயவில்லை.

என் வகுப்பிலும் ஒருவன் அரையாண்டு லீவு முடிந்து வரவில்லை. கணக்கு வாத்தியார் அவன் வீட்டுக்கே போனார். "காமராஜரே ஆறாவதுதான சார்?" என்றாராம் தகப்பனார். "அண்ணாச்சி, ஆறாவதோட நின்னது பெருமைன்னா, அவரு எதுக்கு ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டு உக்கார வச்சாரு? திங்கக்கெழம அனுப்பி விடுங்க" என்றாராம் வாத்தியார்.

பையன் ஒன்பதாவது வரை வந்தான். பிறகு சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஓர் அச்சகத்தில் சேர்ந்தான். இன்று சொந்தமாக ஆப்செட் மிஷின் வைத்திருக்கிறான். அவனுடைய வரிக் கணக்கு என்னிடம்தான் வருகிறது. ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி அனுப்ப மட்டும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.